புறஞ்சேரியும் 'சகல வசதிகளும்'

காணி விற்பனை விளம்பரம் நம் காலத்தில் ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்துவிட்டது. சிறுகதையையும் புதுக்கவிதையையும் வரிவரியாக அலசும் விமர்சகர்கள் இதனை இதுவரை ஏறெடுத்தும் பாராதிருப்பது விந்தையே. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் கதைப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகிறவர்கள்கூட இதனை ஊன்றிப் படிக்கிறார்கள். ஏனைய இலக்கிய வகைகளைப் போலவே இதற்கும் ஒரு மரபு உண்டு; வழிவழியாக வரும் சொற்றொடர்கள் உண்டு. 'நகரிலிருந்து பதினைந்தே நிமிடங்கள்', 'அமைதியான சூழல்', 'வெள்ளம் ஏறாத மேட்டுக் காணி', 'கௌரவமான அயல்', 'சகல வசதிகளும் கொண்டது' என்பன அவற்றுட் சில. கொழும்பின் சுற்றுப்புறங்களில் விலைக்கு வரும் ஆறு பேர்ச்சஸ் துண்டாயினும் சரி, ஆங்கிலேயக் கிராமமொன்றின் பெயரைச் சூடிக்கொண்டு எழும் வீட்டுத்தொகுதியாயினும் சரி, இச்சொற்றொடர்களின்றி அவற்றின் வருணனை நிறைவு பெறுவதில்லை.

இச்சொற்களை நாம் இங்கு விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. புறநகர் என்பதைப் பற்றி நம்மிடையே நிலவும் கருத்துகள் பெரும்பாலும் இவ்விளம்பரங்களிலிருந்தே பெறப்பட்டவை. நகர அபிவிருத்தி பற்றி அமைச்சர்கள் ஆற்றும் உரைகளும், பத்திரிகைகள் எழுதும் ஆசிரிய தலையங்கங்களும், வீடு மாறிச் செல்லும் நண்பர் நம்மிடம் சொல்லும் பெருமைகளும் இதே சொற்களைத்தான் கையாளுகின்றன. ஆகவே முதலிற் சொற்களைப் பார்ப்போம்.

'பதினைந்து நிமிடங்கள்' என்பது யாருடைய நிமிடங்கள்? சொந்த மோட்டார் வண்டி வைத்திருப்பவன் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிற் செலவிடும் நிமிடங்கள் அவை. ஹோமாகமையிலிருந்து மகரகமை, நுகேகொடை வழியாகப் புறக்கோட்டைக்கு வரும் 138 ஆம் இலக்க பஸ்ஸின் படியில் தொங்கிக்கொண்டு வருபவனுக்கு, அல்லது கடுவெலையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்குச் செல்லும் 177 ஆம் இலக்க பஸ்ஸில் ஒற்றைக்காலில் நின்றபடி வரும் தையற்சாலைப் பெண்ணுக்கு அந்த நிமிடக் கணக்குப் பொருந்தாது. களனிவெளிப் புகையிரதப் பாதை 1990களில் அகலப்பாதை ஆக்கப்பட்டது. ஆயினும் ஒற்றைத் தண்டவாளத்திலே, வளைவுக்கு வளைவு வேகங் குறைத்து, கடவைக்குக் கடவை ஊதிக்கொண்டு செல்லும் அவ்வண்டி இன்றும் பழைய காலத்து நடையையே பேணி வருகிறது. மாலபேயிலிருந்து கோட்டைவரை ஏறத்தாழ 16 கிலோமீற்றர் நீளத்துக்கு இலகு புகையிரதம் அமைப்பதற்கென 2019 இல் ஜப்பானியக் கடன் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 2020 செப்டெம்பரில் அத்திட்டம் கைவிடப்பட்டது. திட்டம் போனது, அதற்கிடையே அப்பாதையை ஒட்டிய காணிகளுக்கு எழுதப்பட்ட விளம்பரங்கள் தம் பணியைச் செய்து முடித்துவிட்டன.

இனி 'சகல வசதிகளும்' என்ற தொடருக்கு வருவோம். அங்காடிகள், சர்வதேசப் பாடசாலை, தனியார் மருத்துவமனை, வங்கி, அதிவேக நெடுஞ்சாலையின் நுழைவாயில் என்பன இப்பட்டியலில் தவறாது இடம்பெறும். மழைநீர் வடிகால், குப்பை வண்டி, பொது நூல்நிலையம், பிள்ளைகள் ஓடியாட ஒரு திடல், தாய் சேய் நல நிலையம், இரவு ஒன்பது மணிக்குப் பின் ஓடும் பஸ் என்பன இடம்பெறா. முதலிற் சொன்னவை யாவும் பணங்கொடுத்து வாங்கப்படுபவை. பின்னர்ச் சொன்னவையோ எல்லோருக்கும் பொதுவாக இருந்தாலன்றி ஒருவருக்கும் இல்லாதவை. 'வசதி' என்பது வடமொழியில் உறைவிடம், தங்குமிடம் என்ற பொருளில் வழங்கிய சொல். மனிதன் தங்கியிருப்பதற்கு ஓர் இடம் என்பதே அதன் முதற்பொருள். பின்னர் அவ்விடத்தில் வாழ்வதற்கு வேண்டிய ஏந்துகளைக் குறித்தது. இன்று 'வசதியான குடும்பம்' என்றால் பணக்காரக் குடும்பம் என்றே எல்லோரும் விளங்கிக்கொள்கிறோம். உறைவிடத்தைக் குறித்த சொல் உடைமையைக் குறிக்கும் சொல்லாக மாறிய இவ்வரலாறு தற்செயலானதன்று.

தமிழிலக்கியத்தில் நகரின் புறம் என்பது புதிய செய்தியுமன்று. சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே 'புறஞ்சேரி இறுத்த காதை' என்று பெயர். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரையை அடைந்தபோது நேரே நகருக்குட் புகவில்லை. மதிலுக்கு வெளியே, அறவோர் வாழும் புறஞ்சேரியிலேதான் தங்கினார்கள். பின்னர்க் கண்ணகிக்கு அடைக்கலந் தந்தவளும் நகரத்துச் செல்வச் சீமாட்டி அல்லள். மதிற்புறத்து ஆயர்குல மூதாட்டி மாதரியே. சிலம்பை விற்கவென்று உள்ளே போனவன் திரும்பி வரவில்லை. அரண்மனைப் பொற்கொல்லனும் அரசனும் இருந்தது உள்ளே. வந்தாரை ஏற்று மோரும் சோறும் தந்தவர்கள் இருந்தது வெளியே. மதுரையின் சிறப்பை நாள் முழுதும் பேசும் நம் புலவர்கள் இந்த அமைப்பைப் பற்றிப் போதிய அளவு பேசியதில்லை. நகரத்துக்குப் பாலையும் நெய்யையும் அளிப்பவர்கள் மதிலுக்குள் வாழ்வதில்லை என்பது இளங்கோவுக்குத் தெரிந்திருந்தது. புறஞ்சேரி என்பதன் பிற்பாதியாகிய சேரி என்னும் சொல் பின்னாளில் எப்பொருளை அடைந்தது என்பதை வாசகர்க்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

கொழும்புக்கு இன்று மதிலில்லை. ஆனால் எல்லை உண்டு. கொழும்பு மாநகரசபையின் பரப்பு ஏறத்தாழ 37 சதுர கிலோமீற்றர். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அதற்குள் வாழ்ந்தோர் ஐந்தரை இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டவர்கள்; கொழும்பு மாவட்டம் முழுவதிலும் வாழ்ந்தோர் 23 இலட்சம் பேர். பொழுது விடிந்தால் இவர்களுட் பெருந்தொகையினரும், கம்பகா, களுத்துறை மாவட்டங்களைச் சேர்ந்த வேறு பலரும் இவ்வெல்லைக்குட் புகுகிறார்கள். பொழுது சாய்ந்தால் வெளியேறுகிறார்கள். துறைமுகத்திலே மூட்டை சுமப்பவன், புறக்கோட்டைக் கடையிலே துணி மடிப்பவன், வங்கியிலே கணக்கெழுதுபவன், கறுவாத்தோட்டத்து மாளிகையிலே சட்டி கழுவுபவள் எல்லோரும் இக்கூட்டத்திலே அடக்கம். இவர்களது உழைப்பு நகருக்குள் நிகழ்கிறது. இவர்களது உறக்கம், சமையல், பிள்ளைப்பேறு, நோய், முதுமை ஆகிய அனைத்தும் எல்லைக்கு வெளியே நிகழ்கின்றன.

இங்கே சோலைவரி என்னும் விடயத்தைக் கவனித்தல் வேண்டும். உள்ளூராட்சி மன்றங்கள் தம் எல்லைக்குட்பட்ட கட்டடங்களின் மீதும் காணிகளின் மீதும் விதிக்கும் இவ்வரியே ஊரின் வடிகாலுக்கும் விளக்குக்கும் தெருவுக்கும் முதலாக அமைவது. வங்கித் தலைமையகங்களும் விருந்து விடுதிகளும் கம்பனிக் காரியாலயங்களும் நிறைந்த கொழும்பு மாநகரசபைக்கும், சிறு வீடுகளும் சில்லறைக் கடைகளும் நிறைந்த கொலன்னாவை நகரசபைக்கும் இவ்வகையிற் கிடைக்கும் வருமானம் ஒன்றாக இருக்கவியலாது. உழைப்பவன் உண்டாக்கும் செல்வம் ஒரு சபையின் எல்லைக்குள்ளே கட்டடமாக எழுகிறது; அவன் வீட்டுக் கழிவுநீரை வேறொரு சபை அள்ளவேண்டியிருக்கிறது. கொழும்பு மாவட்டத்தில் இவ்வாறு 13 உள்ளூராட்சி மன்றங்கள் உள்ளன. நகரமோ ஒன்றே. தெமட்டகொடையில் நின்று பார்ப்பவனுக்குக் கொழும்பு எங்கே முடிந்து கொலன்னாவை எங்கே தொடங்குகிறதென்று கண்டறிவது எளிதன்று. வீடுகள் இடைவெளியின்றித் தொடர்கின்றன. வரிப்பணம் மட்டும் அவ்வெல்லையை நன்கறிந்து, அதற்கப்பால் அடியெடுத்து வைக்க மறுக்கிறது. குப்பைக்கு அத்தகைய தயக்கம் இருந்ததில்லை.

கொழும்பைச் சூழ்ந்து ஒரு சதுப்பு நிலத்தொகுதி உண்டு. களனியாற்றின் தென்கரைத் தாழ்நிலங்களாகிய கொலன்னாவைச் சதுப்பு, கோட்டை, தலவத்துகொடைப் பகுதிச் சதுப்புகள், தியவன்னா வாவி ஆகிய யாவும் கால்வாய்களால் ஒன்றோடொன்று இணைந்தவை. மழைநீரை உறிஞ்சி வைத்து மெல்ல மெல்ல வெளியேற்றும் ஒரே பஞ்சு போன்றவை. இந்த ஒரே சதுப்பின் இரு முனைகளில் நிகழ்ந்தவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போமாயின், புறநகர் வசதி என்பதன் இலக்கணம் தானாகவே வெளிப்படும்.

ஒரு முனை பத்தரமுல்லை. 1982 இல் ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டையில் புதிய பாராளுமன்றம் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் வடிவமைப்பு. சதுப்பைத் தோண்டி வாவியாக்கி, அதன் நடுவே தீவு போல எழுந்த கட்டடம். அதனைத் தொடர்ந்து அமைச்சுகளும் திணைக்களங்களும் அத்திசை நோக்கி நகர்ந்தன. அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் அயலிற் குடியேறினர். 2012 இல் பாராளுமன்றத்துக்கு அண்மையில், வாவிக்கரையில் 'தியத்த உயன' என்னும் பூங்கா திறக்கப்பட்டது. நடைபாதை, மரநிழல், மின்விளக்கு, இருக்கை, பூச்செடிக் கடைகள் எல்லாம் அமைந்தன. பெத்தகானையில் ஈரநிலப் பூங்கா ஒன்று உருவாயிற்று. பறவை பார்க்கப் பலகைப் பாலங்கள் போடப்பட்டன. மாலையில் அங்கே நடப்போர் பலர். நாம் இவற்றைக் குறைகூறவில்லை. கட்டணமின்றியோ சிறு கட்டணத்துடனோ பொதுமக்கள் நுழையக்கூடிய இடங்கள் இவை, எவருடைய தனிச்சொத்துமல்ல. அரசு விரும்பினால் சதுப்பைச் சோலையாக்கவும், வடிகாலை ஒழுங்காக்கவும், இரவிலே பெண்கள் அச்சமின்றி நடக்க விளக்கேற்றவும் முடியும் என்பதற்குப் பத்தரமுல்லை ஒரு சான்று. முடியாது என்று இனி ஒருவரும் சொல்லவியலாது.

மறுமுனை மீதொட்டமுல்லை. வடகொழும்பின் புளூமெண்டால் குப்பைமேடு மூடப்பட்டபின், 2009 முதல் கொழும்பு மாநகரின் குப்பை கொலன்னாவை நகரசபை எல்லைக்குட்பட்ட மீதொட்டமுல்லைச் சதுப்பிலே கொட்டப்பட்டது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 800 தொன். குப்பை நிலமட்டத்தைத் தாண்டி மேடாயிற்று, மேடு குன்றாயிற்று, குன்றின் அடிவாரத்தில் வீடுகளும் ஒரு பாடசாலையும் இருந்தன. குன்று வருவதற்கு முன்னரே அங்கு வாழ்ந்துவந்த குடும்பங்கள் பல. நாற்றம் வந்தது, ஈ வந்தது, மழைக்காலத்தில் கறுப்பு நீர் முற்றத்துக்கு வந்தது. மக்கள் தெருவில் இறங்கினர், லொறிகளை மறித்தனர், பொலிஸ் வந்தது, வழக்குகள் வந்தன. குப்பை நின்றபாடில்லை. கொழும்பு மாநகரசபைத் தேர்தலில் மீதொட்டமுல்லை மக்களுக்கு வாக்கில்லை என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்தல் பொருந்தும்.

2017 ஏப்பிரில் 14 ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாள். பிற்பகலில் அக்குன்று சரிந்தது. 32 பேர் மாண்டனர். வேறு சிலரைக் கண்டெடுக்கவே முடியவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் சிதைந்தன. சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் கலந்து வாழும் பிரதேசம் அது. புத்தாண்டு நாளாகையால் பலரும் வீட்டிலிருந்தனர். உறவினர் வீட்டுக்குப் பலகாரம் கொண்டு சென்றிருந்தவர்கள் தப்பினர் என்பதைத் தவிர, தப்பியோர்க்கும் மாண்டோர்க்கும் இடையே வேறு நியாயம் எதுவும் இருக்கவில்லை.

இதன்பின் நிகழ்ந்தது இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. அவ்விடத்திற் குப்பை கொட்டுவது நிறுத்தப்பட்டது. குப்பை வேறிடம் தேடிப் புறப்பட்டது. எந்தப் புறநகரும் அதனை ஏற்க முன்வரவில்லை. உடனே குப்பை அகற்றுதல் அத்தியாவசிய சேவையெனப் பிரகடனப்படுத்தும் வர்த்தமானி வெளிவந்தது. அதற்கு இடையூறு செய்வது குற்றமாயிற்று. சடலங்கள் அடக்கஞ்செய்யப்பட்டுப் பத்து நாட்கள்கூட ஆகாத வேளையில், எதிர்ப்புத் தெரிவிக்கும் உரிமைக்கு எல்லை கட்டுவதே அரசுக்கு அவசரத் தேவையாகத் தோன்றியது. லொறிகள் கரதியானைக்கும் முத்துராஜவெலைப் பக்கமும் திரும்பின. இரண்டும் சதுப்போரப் புறநகர்ப் பகுதிகளே என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. புத்தளத்தின் அருவக்காட்டில், சீமெந்துக்காகச் சுண்ணக்கல் அகழ்ந்து கைவிடப்பட்ட குழிகளுக்குப் புகையிரதத்தில் குப்பையை ஏற்றியனுப்பும் திட்டம் முன்னெடுக்கப்பட்டது. கொழும்பிலிருந்து அதன் தொலைவு ஏறத்தாழ 170 கிலோமீற்றர். புத்தளத்து மக்கள் 2018, 2019 ஆம் ஆண்டுகளில் மாதக்கணக்காகப் போராடினர். 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் ஆயிரக்கணக்கானோரை ஏற்று வாழவைத்த மாவட்டம் அது. நகரத்தின் புறம் அதுவரை நீண்டு சென்றது. 2021 இல் கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து 10 மெகாவாட் மின்சாரம் பெறும் நிலையம் இயங்கத் தொடங்கியதன் பின்னர் நிலைமையிற் சிறிது தணிவு உண்டாயிற்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்நிலையமும் மாநகர எல்லைக்குள் அமையவில்லை. வத்தளைப் புறநகரின் அருகிலேதான் அமைந்தது.

2018 ஒக்டோபரில், ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலகில் முதன்முதலாக 'ஈரநில நகரம்' என்ற அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களுள் ஒன்றாகக் கொழும்பு தேர்ந்தெடுக்கப்பட்டது. மீதொட்டமுல்லை சரிந்து அப்போது ஒன்றரை ஆண்டு. பரிசு பெற்றது பெத்தகானைச் சதுப்பு. பலி கொடுத்தது கொலன்னாவைச் சதுப்பு. இரண்டும் ஒரே நீர்த்தொகுதி என்பதைப் பரிசளித்தோரும் பெற்றோரும் அறிவர்.

வெள்ளத்தின் கதையும் இதிலிருந்து வேறுபட்டதன்று. கொழும்பைக் களனியாற்றின் பெருக்கிலிருந்து காப்பதற்காகக் கரையோரம் வெள்ளத்தடுப்பு அணை அமைக்கப்பட்டது. அணையின் உட்புறம் இருப்போர் காக்கப்படுகிறார்கள். அணைக்கும் ஆற்றுக்கும் நடுவே குடியிருப்போர், அணை இல்லாதிருந்தால் எவ்வளவு நீரைக் காண்பார்களோ அதைவிடக் கூடுதலான நீரைக் காண்கிறார்கள். ஏனெனில் பரந்து பாய இடமற்ற ஆறு அவர்கள் மீதே உயர்கிறது. அணைக்கு உள்ளே தாழ்நிலத்தில் இருப்போருக்கும் வேறொரு துன்பம் உண்டு. ஆறு பெருகும்போது வெளிநீர் உட்புகாதிருக்கக் கால்வாய் மதகுகள் மூடப்படுகின்றன. மூடியபின், உள்ளே பெய்த மழைநீர் வெளியேற வழியின்றித் தேங்குகிறது. அதனைத் தாங்கிக்கொள்ள வேண்டிய சதுப்பை நாம் குப்பையாலும் செம்மண்ணாலும் நிரப்பிவிட்டோம். 2016 மே மாதத்தில் கொலன்னாவையிலும் வெல்லம்பிட்டியிலும் கூரை விளிம்புவரை நீர் ஏறிற்று. வீதிகளிலே வள்ளங்கள் சென்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் பின்னர்க் களனிக்கரை மக்கள் மீண்டும் பாய்களையும் பாடப்புத்தகங்களையும் தலையிற் சுமந்தவாறு பாடசாலைக் கட்டடங்களுக்குச் சென்றனர். விளம்பரத்தில் 'வெள்ளம் ஏறாத மேட்டுக் காணி' என்ற தொடர் ஏன் அத்தனை அழுத்தமாக அச்சிடப்படுகிறது என்பது இப்போது விளங்கும். உயரமான நிலம் விலைக்கு வருகிறது. தாழ்ந்த நிலம் உழைப்பாளியின் பங்குக்கு வருகிறது.

கொலன்னாவையைப் பற்றி இன்னொரு முரணையும் குறிப்பிடலாம். நாட்டின் பிரதான எரிபொருட் களஞ்சியம் அமைந்திருப்பது அங்கேதான். 1995 ஒக்டோபரில் அக்களஞ்சியம் தாக்கப்பட்டுத் தீப்பற்றி எரிந்தபோது அச்சத்தில் ஓடியவர்கள் அயலில் வாழ்ந்த ஏழைகளே. 2022 இல் நாடு எரிபொருளின்றித் தவித்தபோது, அத்தாங்கிகளின் நிழலில் வாழும் முச்சக்கரவண்டிச் சாரதிகளும் நாட்கணக்கில் வரிசையிற் காத்துக் கிடந்தார்கள். ஆபத்தை அயலவர்க்கும் பயனைத் தூரத்தவர்க்கும் பகிரும் இந்த ஏற்பாடு எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை, எழுதாமலே நடந்தேறுகிறது. கொழும்புக்குக் குடிநீர் வழங்கும் அம்பத்தலை நீர் சுத்திகரிப்பு நிலையமும் இதே களனிக்கரையிற்றான் இருக்கிறது. நகரம் அருந்தும் நீர் இத்திசையிலிருந்து செல்கிறது; நகரம் கழித்த குப்பை இத்திசைக்கு வந்தது.

நமது கருத்துக்கு மறுப்பாகச் சிலர் கூறுவனவற்றையும் ஆராய்தல் தகும். ஏழைகள் சதுப்பு நிலத்தை அத்துமீறிப் பிடித்துக் குடியேறினார்கள். அதன் விளைவையே அனுபவிக்கிறார்கள் என்பது ஒரு வாதம். இவ்வாதத்தைச் சொல்வோர் பெரும்பாலும் நன்மனங் கொண்டவர்களே. ஆயினும் இருவேறு அளவுகோல்களைக் கையாளுகிறார்கள். சதுப்பை நிரப்பிக் கட்டியது ஏழை மட்டுமன்று. வீட்டுத்தொகுதிக் கம்பனிகளும், களஞ்சியசாலைகளும், ஏன் அரசாங்கக் கட்டடங்களும் நிரப்பிய சதுப்பிலேதான் நிற்கின்றன. ஏழை நிரப்பினால் அத்துமீறல் என்றும், பணம் படைத்தவன் நிரப்பினால் அபிவிருத்தி என்றும் பெயர் மாறுகிறது. உழைக்குமிடத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் சட்டபூர்வமான வீடு கிடைக்குமாயின் எவன் சேற்றிலே வீடு கட்டுவான்?

தனியார் முயற்சியால் புறநகர்கள் வளர்ந்துவிட்டன. அங்காடியும் மருத்துவமனையும் வாயிலுக்கே வந்துவிட்டன என்பது இரண்டாவது வாதம். இதிற் பாதி உண்மை உண்டு. ஆயினும் பாடசாலை விடயத்தைப் பார்ப்போம். அரசாங்கப் பாடசாலைகளில் முதலாந் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும்போது, பெரும்பங்கு இடங்கள் பாடசாலைக்கு அண்மையில் வசிப்போருக்கே ஒதுக்கப்படுகின்றன. நியாயமான விதிபோலவே தோன்றும். ஆனால் நற்பெயர் பெற்ற பாடசாலைகள் நகரின் நடுவே குவிந்திருக்கும்போது, அண்மை என்பதே விலைக்குரிய பண்டமாகிவிடுகிறது. தமிழ்மொழி மூலம் கற்கும் பிள்ளைகளின் நிலை இன்னும் இடர்ப்பாடானது. பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள தமிழ்ப் பாடசாலைகளை நாடி, எட்டு வயதுப் பிள்ளை விடியுமுன் வானில் ஏறுகிறது. அரைத்தூக்கத்திலே பாணை மென்றபடி நகரைக் கடக்கிறது. சர்வதேசப் பாடசாலை 'அண்மையில்' இருப்பதால் இப்பிள்ளைக்கு ஆவதொன்றுமில்லை.

இவ்வளவு நிகழ்ந்தும் நமது எழுத்தில் இப்புறநகர் இடம்பெற்றது மிகச் சொற்பமே. இது பற்றியே நாம் மிகுந்த கவலை கொள்கிறோம். ஈழத்துத் தமிழ்ப் புனைகதையில் யாழ்ப்பாணக் கிராமம் உண்டு, அதன் சாதிக் கொடுமை உண்டு. மலையகத்து லயம் உண்டு. கிழக்கின் வயலும் வாவியும் உண்டு. நகரத்துப் பாட்டாளியைக் கதாநாயகனாக்கிய எழுத்தாளர்களும் நம்மிடையே இல்லாமலில்லை. ஆயினும் பொதுவாகக் கொழும்பு என்பது நமது கதைகளில் ஒரு வாடகை அறையாகவே நீண்டகாலம் இருந்துவந்தது. உத்தியோகம் பார்ப்பதற்கு ஓர் இடம். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஊருக்கு மணியோடர் அனுப்பும் இடம். விடுமுறை வந்தால் யாழ்தேவியில் ஏறிப் பிரிந்துசெல்லும் இடம். ஊர் வேறெங்கோ இருப்பவன், தங்கியிருக்கும் தெருவின் வடிகாலைப் பற்றி ஏன் கவலைப்படப் போகிறான்? சோலைவரி வீட்டுக்காரன் கட்டுவது, குப்பை வீட்டுக்காரன் போடுவது. இம்மனப்பான்மை மத்தியதர வர்க்க வாசகனிடமிருந்து எழுத்தாளனுக்கும் தொற்றிக்கொண்டது என்றே கருதவேண்டியிருக்கிறது. 1983 ஜூலையும் அதன் பின்னான யுத்த ஆண்டுகளும் வடக்கு கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் பெருந்தொகையானோரைக் கொழும்புக்கும் வத்தளை முதலிய புறநகர்களுக்கும் நிரந்தரக் குடிகளாகக் கொண்டுவந்து சேர்த்தன. அவர்களின் பிள்ளைகள் அங்கேயே பிறந்தார்கள். சிலருக்குப் பேரப்பிள்ளைகளும் உண்டு. அவர்களைப் பற்றி எழுதப்படும் கதைகளிலோ பெரும்பாலும் இழந்த ஊரின் பனையும் கிணறுமே நிற்கின்றன. இழப்பின் துயரை நாம் சிறுமைப்படுத்தவில்லை. அத்துயரை எழுதுபவன் தன் வாசலில் தேங்கிநிற்கும் நீரையும் காணட்டும் என்றே கேட்கிறோம்.

விமர்சகர்களின் பங்கும் இதில் உண்டு. மண்வாசனை என்ற சொல்லை நாம் ஓர் அளவுகோலாக்கினோம். அது நல்ல அளவுகோலே. தேசிய இலக்கியம் என்ற கோட்பாட்டுக்கு வலுவூட்டியதும் அதுவே. ஆனால் மண் என்றதும் செம்பாட்டு மண்ணையும் தேயிலைச் சரிவையும் நினைத்தோமேயன்றி, லொறியிற் கொண்டுவந்து சதுப்பிலே கொட்டப்பட்ட மண்ணை நினைக்கவில்லை. அந்த மண்ணுக்கும் ஒரு வாசனை உண்டு. மீதொட்டமுல்லையில் எட்டாண்டுகள் அது வீசியது. அங்கே பேசப்படும் தமிழ், பாதி சிங்களம் கலந்தது. முஸ்லிம் அயலவரின் சொற்களையும் மலையகத்து நடையையும் ஒருசேரக் கொண்டது. அதனை எழுத்திலே பிடித்து நிறுத்துவதற்கு யாழ்ப்பாணத்துப் பேச்சுத்தமிழை எழுத்தில் ஏற்றுவதற்கு நடத்திய போராட்டம் போன்றதொரு போராட்டமே தேவைப்படும்.

அத்தகைய கதையொன்றை எழுத முனைபவர், சோலைவரிப் பற்றுச்சீட்டு, ஆற்றுமட்டத்தை அறிவிக்கும் வானொலிச் செய்தி, இரவின் கடைசி பஸ், பிள்ளையைப் பாடசாலையிற் சேர்ப்பதற்காகத் திரட்டும் முகவரிச் சான்றுகள், நகரசபையின் குப்பை வண்டி வரும் கிழமை ஆகியவற்றை அறிந்திருக்க வேண்டும். அக்கதையின் நாயகன் விடுமுறைக்கு யாழ்தேவியைப் பிடிக்கமாட்டான். அவனுடைய ஊர் கொலன்னாவைதான். அங்கேதான் வரி கட்டுகிறான், அங்கேதான் அவனுக்கு வாக்கும் இருக்கிறது. வெள்ளம் வடிந்தபின் சுவரில் நிற்கும் சேற்றுக்கோட்டை அவன் ஒவ்வொரு முறையும் வெள்ளையடித்து மறைக்கிறான். காணித் தரகன் வரும்போது அயலவர் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.